பழைய ரிவால்வர்: சொன்ன விலை பெறுமா?

கொல்லிமலைக்குப் போனவர்களுக்குக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவிருக்கும். ஏறி முடித்ததும் வெயில் குறைந்து குளிர்காற்று வீசும். மலையின் ஒவ்வொரு பகுதியையும் 'நாடு' என்றே அழைக்கிறார்கள். அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. மிளகு, காப்பி, பலா, அன்னாசி, சாமை ஆகியவை இங்குள்ளோரின் வாழ்வு. வில்லாண்மைக்குப் பெயர்பெற்ற வல்வில் ஓரி ஆண்டதும் இந்த மலைதான். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டு பேசுகிறது. ஓரி மண்ணில் வில்லைப் பற்றிக் கேள்வி எழுவது இயற்கை. எனக்கு வந்ததோ துப்பாக்கியைப் பற்றிய கேள்வி.

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் தந்தை குண்டனி நாட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். முன்னாள் படைவீரர். ரிவால்வர் வைத்துக்கொள்ள முறையான உரிமம் பெற்றவர். ஒரு விடுமுறையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவர் பேச்சைத் தொடங்கினார்.

"கீழே ஒரு கடையில பழைய ரிவால்வர் ஒண்ணு வந்திருக்குங்க சார். 0.32 அங்குலம், நம்ம நாட்டுத் தயாரிப்பு. நூறு குண்டுகூடச் சுடலையாம். எழுபதாயிரம் சொல்றாங்க. பெறுமான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

"எனக்குத் துப்பாக்கி தெரியாதுங்களே ஐயா" என்றேன்.

"பௌதிகம் தெரியுமில்லீங்களா? அது போதும்" என்றார் அவர்.

அவர் சொன்னது பாதி உண்மை என்பது பின்னால் தெரிந்தது. பழைய மிதிவண்டி, பழைய மோட்டார், பழைய தையல் எந்திரம் ஆகியவற்றை விலை மதிப்பதும் பழைய ரிவால்வரை விலை மதிப்பதும் அடிப்படையில் ஒரே வேலைதான். எங்கே உராய்வு நடக்கிறது, எங்கே வெப்பம் தாக்குகிறது, எங்கே உலோகம் களைப்படைகிறது என்று தெரிந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய தையல் எந்திரம் ஏமாற்றினால் துணி கெடும். பழைய ரிவால்வர் ஏமாற்றினால் கை போகும்.

பலாப்பழமும் குண்டும்

முதலில் இந்தச் சிறு கருவிக்குள் எவ்வளவு ஆற்றல் புழங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 0.32 அங்குல ரிவால்வரின் குண்டு சுமார் 6.35 கிராம் நிறை உள்ளது. ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் நிறை என்று சொல்லலாம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு 215 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. கணக்கிட்டால் ஏறத்தாழ 147 ஜூல் வருகிறது.

இது பெரிதா, சிறிதா? கொல்லிமலைச் சந்தையில் 15 கிலோ எடையுள்ள பலாப்பழத்தை எளிதாகப் பார்க்கலாம். அது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் 15 × 9.8 × 1. அதுவும் 147 ஜூல்தான்! ஆக, குண்டின் ஆற்றல் திண்ணையிலிருந்து உருண்டு விழும் பலாப்பழத்தின் ஆற்றலுக்குச் சமம். அதன் கொடுமை ஆற்றலின் அளவில் இல்லை. அவ்வளவு ஆற்றலும் அரைச் சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் வந்து சேருவதில்தான் இருக்கிறது.

இதையே துப்பாக்கியின் பக்கமிருந்து பார்ப்போம். குழலின் நீளம் மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். இந்தக் குறுகிய தொலைவுக்குள் 147 ஜூலையும் குண்டுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆற்றலைத் தொலைவால் வகுத்தால் சராசரி விசை சுமார் 1,930 நியூட்டன். இதைக் குழலின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் சராசரி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 390 மடங்கு வருகிறது. உச்ச அழுத்தமோ இந்தச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கர் வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவு கூடுதலான அழுத்தத்திலேயே விசிலடித்துவிடுகிறது. பல நூறு குக்கர்களின் அழுத்தத்தைச் சுண்டுவிரல் பருமனுள்ள ஓர் அறைக்குள் அடைத்து, அதைக் கையில் பிடித்துக்கொள்கிறோம் என்பதை மறக்கலாகாது.

இடைவெளியில் இருக்கிறது இரகசியம்

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-ஆம் ஆண்டில் தம் நாட்டில் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை அதன் கருத்து மாறவில்லை. ஒரே குழல், அதன் பின்னால் சுழலும் உருளை, உருளையில் ஆறு அறைகள். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது உள்ளே இருக்கும் தள்ளுகோல் ஒன்று உருளையின் பின்புறமுள்ள பற்களில் ஒன்றைத் தள்ளி, உருளையை ஆறில் ஒரு சுற்று, அதாவது 60 பாகை, திருப்புகிறது. உடனே அடியிலிருந்து ஒரு நிறுத்துமுளை எழுந்து உருளையின் குழியில் விழுந்து பூட்டுகிறது. இப்போது அறையும் குழலும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

உருளை தடையின்றிச் சுழல வேண்டுமானால் அதற்கும் குழலுக்கும் இடையே சிறிது இடைவெளி வேண்டும். அதே சமயம் வாயு வெளியேறாமல் இருக்க இடைவெளியே இருக்கக்கூடாது. இந்த இரண்டு எதிரான தேவைகளுக்கு இடையே செய்துகொண்ட சமரசம்தான் ரிவால்வர். சாதாரணமாக இந்த இடைவெளி 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

இடைவெளி 0.15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குழலின் விட்டம் சுமார் 8 மி.மீ. சுற்றளவு 25 மி.மீ. ஆகவே வாயு தப்பிக்கும் வளையத்தின் பரப்பு சுமார் 3.8 சதுர மி.மீ. குழலின் குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ. என்பதால் இது எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு. தேய்ந்துபோன ரிவால்வரில் இடைவெளி 0.40 மி.மீ. ஆகிவிட்டால் வளையத்தின் பரப்பு 10 சதுர மி.மீ., அதாவது குழலின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. குண்டின் வேகம் குறைவது மட்டுமன்று. சூடான வாயு பக்கவாட்டில் கத்திபோல் பாய்கிறது. சுடும்போது உருளையின் அருகே விரலை வைக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இதை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரு சக்கர வாகனப் பட்டறையில் பிளக் இடைவெளி பார்க்க ஒரு கொத்து மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். ஃபீலர் கேஜ் என்பது அதன் பெயர். ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தத் தகடு இறுக்கமாக நுழைகிறதோ அதுவே இடைவெளி. முதலில் உருளையைப் பின்னுக்குத் தள்ளி அளக்க வேண்டும்; பிறகு முன்னுக்குத் தள்ளி அளக்க வேண்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு உருளையின் முன்பின் ஆட்டம். ஒவ்வொரு வெடிப்பின்போதும் உருளை அவ்வளவு தூரம் ஓடிச் சட்டத்தில் மோதுகிறது. சுத்தியலால் அடித்த ஆணித்தலை விரிவதைப்போல் அந்த மோதல்களே ஆட்டத்தை மேலும் வளர்க்கின்றன. ஆகையால் ஆட்டம் சிறிதாயிருக்கும்போது மெதுவாகவும் பெரிதானபின் விரைவாகவும் தேய்மானம் நடக்கும்.

பார்ப்பதற்கு முன்

மறு வாரம் நாங்கள் இருவரும் கீழே இறங்கி, உரிமம் பெற்ற அந்தக் கடைக்குச் சென்றோம். முதல் வேலையாகக் கடைக்காரர் ரிவால்வரைத் திறந்து ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் காட்டினார். பெரியவர் தாமும் ஒரு முறை பார்த்தார். நானும் பார்த்தேன். மூவரும் பார்ப்பது மரியாதைக் குறைவன்று, அது விதி. தோட்டாக்கள் எதுவும் மேசையின்மேல் இருக்கலாகாது. குழல் எந்த நேரமும் ஆள் இல்லாத பக்கமே நோக்க வேண்டும். உரிமம் என் பெயரில் இல்லாததால் பெரியவர் கையில் பிடித்துக் காட்ட, நான் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது வேலை எண்ணைப் பார்ப்பது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியிலும் அடையாளக் குறிகள் இருக்க வேண்டும். அவற்றை அழிப்பதும் குற்றம், அழிந்ததை விற்பதும் குற்றம். எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கேயும் பௌதிகம் குறுக்கே வருகிறது. எண்ணைப் பொறிக்கும் அச்சு மேற்பரப்பை மட்டும் அழுத்துவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அடியிலுள்ள உலோகப் படிகங்களையும் நெருக்கிவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நெருக்கம் அடியில் எஞ்சியிருக்கும். தடய அறிவியல் ஆய்வாளர்கள் தக்க அமிலக் கலவையைத் தடவும்போது நெருக்கப்பட்ட பகுதி வேறு விதமாக அரிக்கப்பட்டு, மறைந்த எண் மீண்டும் தலைகாட்டுகிறது. எண் அழிந்த துப்பாக்கிக்கு விலை ஒன்றே: சுழியம்.

எங்கள் ரிவால்வரில் எண் இருந்தது. கடையின் பதிவேட்டோடும் ஒத்திருந்தது. ஆனால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. புதிதாகப் பொறித்த எழுத்து கூர்மையாக இருக்கும். மழுங்கினால் யாரோ மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். கறுநீல மெருகு பளபளத்ததே தவிர, அது அண்மையில் பூசியது. "எதை மறைக்க மெருகு?" என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே சென்றோம்.

துரு துப்பாக்கி சுடுவதில்லை

"நூறு குண்டுகூடச் சுடலை" என்பது விற்பவரின் பெரிய வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சுடாமலே ஒரு துப்பாக்கி கெடலாம். கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். தோல் உறையில் வைத்துப் பெட்டியில் பூட்டிய ரிவால்வருக்குத் தோல் உறிஞ்சிய ஈரமே பகை.

இன்னொரு பகையும் உண்டு. பழைய வகைத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிகிறது. நம் சமையலுப்பைப்போல் அதுவும் உப்பே. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சுட்டபின் எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர் உப்பின்மேல் போர்வை போர்த்தினார் என்றே சொல்ல வேண்டும். பத்தே குண்டு சுட்டுவிட்டுப் பத்து ஆண்டு உறங்கவிட்ட துப்பாக்கியைவிட, ஆயிரம் குண்டு சுட்டு ஒவ்வொரு முறையும் துடைத்த துப்பாக்கி மேலானது.

குழலின் உட்புறத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. இந்த ரிவால்வர் நடுவில் கீலுடன் கூடியது; மேல் கொக்கியை விடுவித்தால் குழல் முன்னோக்கிச் சாயும். குழலின் ஒரு முனையில் வெள்ளைத் தாளை வைத்து அதன்மேல் வெளிச்சம் விழச் செய்து, மறு முனை வழியே பார்க்க வேண்டும். உள்ளே சுருள் சுருளாகச் செல்லும் வரிகள் தெரியும். அவைதாம் குண்டைப் பம்பரம்போல் சுழற்றி நேராகச் செல்ல வைக்கின்றன. வரிகளின் விளிம்பு கூர்மையா? நடுவே கரும்புள்ளிகள், குழிகள் உண்டா? குழலின் குறுக்கே நிழல் வளையம் ஒன்று தெரிகிறதா? வளையம் தெரிந்தால், முன்பு ஒரு குண்டு குழலில் சிக்கி நிற்க, அதன்மேல் இன்னொன்று சுடப்பட்டுக் குழல் உப்பியிருக்கக்கூடும். அந்தத் துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் ரிவால்வரின் குழலில் சில புள்ளிகள் தவிரக் குறை இல்லை. வெளிப்புறத்தில் கைப்பிடிக்குக் கீழே, மெருகின் அடியில், அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தன. மெருகு எதை மறைத்தது என்பது தெரிந்தது.

அடுத்து வெடிப்பு உண்டா என்று பார்த்தோம். உருளையின் வெளிச்சுவர் மிக மெல்லியது. நிறுத்துமுளை விழும் குழிகள் அந்த மெல்லிய சுவரிலேயே வெட்டப்பட்டிருப்பதால் களைப்பு வெடிப்பு அங்கேதான் பிறக்கும். கடைக்காரர் உருளையைக் கழற்றித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து உலரத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினார். மயிரிழை வெடிப்பு இருந்தால் அதற்குள் நுண்புழை ஈர்ப்பால் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியேறித் தூளில் ஈரக் கோடு வரையும். கோடு எதுவும் தோன்றவில்லை. பெரியவர் முகம் மலர்ந்தது.

ஆறில் ஒன்று

அடுத்த சோதனையே முக்கியமானது. கடைக்காரர் சுத்தியலைக் கட்டைவிரலால் டக் டக்கென்று ஆறு முறை இழுத்துக் காட்டினார். ஆறு முறையும் உருளை சுழன்று பூட்டியது. "கடிகாரம் மாதிரிங்க" என்றார்.

"கொஞ்சம் மெதுவாக இழுங்கள், உருளைமேல் ஒரு விரலை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெரியவரிடம் சொன்னேன்.

முதல் ஐந்து அறைகளில் சுத்தியல் பின்னுக்கு வந்து நிற்பதற்குள் நிறுத்துமுளை குழியில் விழுந்தது. ஆறாவது அறையில் சுத்தியல் முழுவதும் வந்து நின்றுவிட்டது, முளை விழவில்லை. குழி சுமார் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி நின்றது. மீண்டும் ஒரு சுற்று பார்த்தோம். அதே அறை, அதே குறை.

வேகமாக இழுத்தபோது இது ஏன் தெரியவில்லை? சடத்துவமே காரணம். வேகமாகச் சுழலும் உருளைக்குக் கோண உந்தம் இருக்கிறது. தள்ளுகோல் குறைவாகத் தள்ளினாலும் மீதி தூரத்தை உருளை தன் உந்தத்தால் கடந்து குழியில் விழுந்துவிடுகிறது. கால் எடுத்த பின்னும் மிதிவண்டி சிறிது ஓடுவது போலத்தான். மெதுவாக இழுக்கும்போது அந்த உந்தம் இல்லை. விரல் கொடுக்கும் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. தேய்ந்த பல் தன் குறையை ஒப்புக்கொள்கிறது.

ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய குற்றமா? உருளையின் விட்டம் 36 மி.மீ.; சுற்றளவு 113 மி.மீ. 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 0.31 மி.மீ. ஆக, பின்னடைவு சுமார் மூன்று பாகை. உருளையின் மையத்திலிருந்து அறையின் மையம் சுமார் 12 மி.மீ. தொலைவில் இருக்கிறது. மூன்று பாகைக்கு அறையின் மையம் குழலின் மையத்திலிருந்து 0.6 மி.மீ. விலகி நிற்கும். எட்டு மி.மீ. விட்டமுள்ள குண்டு தன் பாதையில் 0.6 மி.மீ. விளிம்பை மோதியே குழலுக்குள் நுழைய வேண்டும். மோதிய இடத்தில் ஈயம் சீவப்பட்டு, மேலே நாம் கணக்கிட்ட அழுத்தத்தோடு பக்கவாட்டில் சிதறும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு அது போதும்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சிறு நிகழ்தகவுக் கணக்கு. ஆறு அறைகளில் ஒன்று மட்டும் பழுது. நீங்கள் ஏதோ ஓர் அறையை மட்டும் சோதித்தால் குறையைத் தவறவிடும் வாய்ப்பு ஆறில் ஐந்து. இரண்டு அறைகளைச் சோதித்தால் 5/6 × 4/5, அதாவது மூன்றில் இரண்டு. ஐந்து அறைகளைப் பொறுமையாகச் சோதித்தாலும் ஆறில் ஒரு வாய்ப்பு குறைக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆறையும் பார்த்தால்தான் அது சுழியமாகும். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது சோற்றுக்குச் சரி. ஒரே நெருப்பில் ஒரே நீரில் வெந்த சோறு அது. தனித்தனியாகத் தேயும் பற்களுக்கு அது பொருந்தாது.

வேறு இரண்டு சோதனைகளும் செய்தோம். டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே உருளையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பது ஒன்று. குண்டு வெடிக்கும் கணத்தில் டிரிக்கர் அந்த நிலையில்தான் இருக்கும் என்பதால் அப்போதுள்ள இறுக்கமே கணக்கு. மற்றொன்று, இழுத்து நிறுத்திய சுத்தியலை டிரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளிப் பார்ப்பது. சுத்தியலைத் தாங்கி நிற்பது ஒரு சிறு உலோகப் படி. சாய்தளத்தில் வைத்த கட்டை, சாய்வு உராய்வுக் கோணத்தை மீறினால் வழுக்கிவிடும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். படியின் முகம் தேய்ந்து சாய்ந்துவிட்டால் சுத்தியலும் அப்படியே வழுக்கி விழும். கீழே விழுந்தாலே வெடிக்கும் துப்பாக்கி அதுதான். எங்கள் ரிவால்வர் இரண்டிலும் தேறியது.

விலைக் கணக்கு

இப்போது விலைக்கு வருவோம். எண்கள் கணக்குக்காக மட்டுமே. புதிய ரிவால்வரின் விலை ரூ. 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். குறையற்ற பழையதுக்கு அதில் பத்தில் ஆறு பங்கு கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்தால் ரூ. 60,000. பல்லையும் தள்ளுகோலையும் சரிசெய்ய ரூ. 15,000 ஆகும், அந்தப் பழுதுபார்ப்பு மூன்றில் இரண்டு வாய்ப்பில்தான் வெற்றி பெறும், தோற்றால் பொருள் பயனற்றது என்று கொள்வோம். எதிர்பார்ப்பு மதிப்பு: 60,000-இல் மூன்றில் இரண்டு பங்கு 40,000. அதில் 15,000 போக மீதி 25,000. சொன்ன விலையோ 70,000!

பலர் செய்யும் தவறு, 60,000-இலிருந்து 15,000-ஐ மட்டும் கழித்து 45,000 என்று நின்றுவிடுவது. தோல்விக்குரிய வாய்ப்பையும் விலையில் சேர்க்க வேண்டும். பழைய மோட்டார் வாங்கும்போதும் இதே கணக்குத்தான்.

சட்டத்தின் விலையும் உண்டு. வாங்குபவரின் உரிமம் அந்த வகைத் துப்பாக்கிக்கே உரியதாக இருக்க வேண்டும். கடையில் வாங்காமல் உரிமம் உள்ள தனியாரிடமிருந்து வாங்குவதானால், விற்பவர் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும். பழுதுபார்ப்பதும் அதற்கென உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். பட்டறையில் கொடுத்து அரத்தால் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

உரிமம் இல்லாதது எந்த விலைக்கும் அதிகம்

கொல்லிமலையைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் இம்மலையில் நெடுங்காலமாகப் புழங்கியவை. பயிர்ப் பாதுகாப்புக்காக அவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. ஆனால் உரிமமின்றி வைத்திருந்ததாக வழக்குகள் வருவதும், அவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறை கேட்டுக்கொள்வதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தது. "மலிவாக் கிடைக்குது" என்று இளைஞர்கள் ஏமாறுகிறார்கள்.

இதிலும் ஒரு சூத்திரம் எச்சரிக்கிறது. அழுத்தம் உள்ள குழாயின் சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால் கிடைப்பது. ஆரம் கூடினால் தகைவு கூடும். துருவால் சுவர் பாதியாகத் தேய்ந்தால் தகைவு இரட்டிக்கும். சோதனைச்சாலையில் கூடுதல் மருந்து வைத்துச் சோதித்த முத்திரை நாட்டுத் துப்பாக்கிக்குக் கிடையாது. சோதனை செய்பவர், அதை முதலில் சுடுபவரே. அவர் முகமும் இடக்கையும் குழலுக்கு அருகிலேயே இருக்கின்றன.

கடைசிக் கேள்வி

கடையை விட்டு வெளியே வந்து தேநீர் குடித்தோம். பெரியவர் ரிவால்வரை வாங்கவில்லை. கடைக்காரரும் ஆறாவது அறையைத் தம் கண்ணால் பார்த்தபின் விலை பேசவில்லை. சரிசெய்யாமல் அதை யாருக்கும் விற்கப்போவதில்லை என்று சொன்னார். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

பேருந்தில் ஏறும்போது, "எதுக்காக ரிவால்வர் வேணும்னு நெனச்சீங்க ஐயா?" என்று கேட்டேன். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

"காட்டுப்பன்றி தோட்டத்துல இறங்குதுங்க. கிழங்கெல்லாம் போச்சு."

பலாப்பழக் கணக்கை அவரிடம் சொன்னேன். 147 ஜூல் தடித்த தோலும் கொழுப்பும் உள்ள பன்றியை வீழ்த்தப் போதாது. காயம்பட்ட பன்றி முன்னிலும் ஆபத்தானது. மூன்று அங்குலக் குழலால் இருட்டில் ஓடும் பன்றியைக் குறி பார்ப்பதும் கடினம். மேலும் காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. அனுமதியின்றிச் சுட்டால் குற்றம். ஆக, ரிவால்வர் குறையற்றதாகவே இருந்திருந்தாலும், எழுபதாயிரம் அதற்குரிய நியாய விலையாகவே இருந்திருந்தாலும், அவருடைய தேவைக்கு அது பெறாது.

அவர் வெகுநேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பதாவது வளைவோ ஐம்பதாவது வளைவோ, "அப்ப அந்தக் காசுக்கு வேலி போட்டுடலாங்க சார்" என்றார்.

அன்பு வாசகர்களே, நீங்கள் ரிவால்வர் வாங்கப்போவதில்லை. ஆனால் ஒரு நாள் பழைய மோட்டாரோ, பழைய கணிப்பொறியோ, பழைய இரு சக்கர வண்டியோ உங்களிடம் விலைக்கு வரும். விற்பவர் அதை வேகமாக ஓட்டிக் காட்டுவார். நீங்கள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஆறு இருந்தால் ஆறையும் பாருங்கள். அதற்கும் முன்னால், இது எனக்கு எதற்கு என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.